பிஸ்கட் டப்பாவில் பதினாலு லென்ஸ்

மார்ச் 4, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. ஒரு தாள்தான், படித்துவிட்டுக் கிழி.

ஏழு மாதத்துக்கு முன்னால் கடை வாசலில் நாலு பேர் பார்க்க, "இனி உன் குரலை இந்தக் காதால கேக்க மாட்டேன்டா" என்று சொன்னேன். சொன்னதைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். நடுவில் நீ இரண்டு தரம் கடைப் போனுக்குக் கூப்பிட்டாய், இரண்டு தரமும் வைத்துவிட்டேன். ஆனால் கடிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் இது என் சபதத்தில் சேராது.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. லேசர் மெஷினில் ஒரு லென்ஸ் வெடித்துக் கொஞ்சம் புகை வந்ததற்குக் கடையை இரண்டு நாள் பூட்டி, கதவில் மண்டை ஓடு படம் வரைந்து ஒட்டினவன் நீ. பெயர்ப்பலகை வெட்டுகிற கடை இது. அந்தப் படத்தைப் பார்த்தபிறகு எவன் தன் பெயரை இங்கே வெட்டிக்கொள்ள வருவான்? எதிர்க்கடை சலூன்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறார். அது கிடக்கட்டும்.

விஷயம் உன் அக்கா. ஒரு மாதமாக என் வாயில் பூண்டு நாற்றம் அடிக்கிறது என்கிறாள். முதலில் விளையாட்டாகச் சொன்னாள். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். எனக்குப் பூண்டு ஆகாது, நெஞ்சு எரியும் என்று உனக்கே தெரியும். பத்து வருடமாக நம் வீட்டுச் சமையலில் பூண்டே கிடையாது. அதுதான் இப்போது வம்பாகிவிட்டது. "நம்ம வீட்டுல பூண்டு இல்ல. அப்ப எந்த வீட்டுல சாப்பிடுறீங்க?" என்று கேட்கிறாள்.

எனக்கு நாற்பத்தாறு வயது. முன்னால் வழுக்கை, பின்னால் முதுகு வலி. எனக்கு இன்னொரு வீடு இருந்து அது மாடியில் இருந்தால், படியேறச் சோம்பல்பட்டே திரும்பி வந்துவிடுவேன். சொல்லிப் பார்த்தேன், சத்தியம் செய்தேன், பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டினேன். பல்லில் ஒரு குறையும் இல்லை என்றார். இப்போது உன் அக்கா கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, எதிரில் உட்காராமல் உள்ளே போய்விடுகிறாள். எனக்குத் தாங்கவில்லை.

நீ வாராவாரம் அவளோடு பேசுகிறாய். அத்தான் அப்படிப்பட்ட ஆளில்லை என்று ஒரு வார்த்தை சொல். நம் சண்டை நம்மோடு இருக்கட்டும்.

அத்தான்

பி.கு. நீ விட்டுப்போன குடை இங்கேதான் இருக்கிறது. நான் உபயோகிக்கிறேன்.


மார்ச் 10, திங்கள்

அத்தான்,

கிழிக்கவில்லை. குரல் கூடாது, எழுத்து ஆகும் என்கிற உங்கள் சட்டம் எனக்கும் வசதிதான். நேரில் என்றால் என் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே பாய்வீர்கள்.

முதலில் மண்டை ஓடு. அன்றைக்கு வந்ததைக் "கொஞ்சம் புகை" என்கிறீர்கள். அந்த லென்ஸ் கண்ணாடியே இல்லை என்று மூன்று வருடம் உங்கள் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் மூன்று வருடமும் "மஞ்சக் கண்ணாடி" என்றுதான் சொன்னீர்கள். அதன் பெயர் ஜிங்க் செலினைடு. துத்தநாகமும் செலினியமும் சேர்ந்த பொருள். எலுமிச்சை மிட்டாய் மாதிரி, பார்க்கப் பரம சாது. நம் மெஷினிலிருந்து வருகிற, கண்ணுக்குத் தெரியாத சூட்டுக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி விழுங்கிவிடும். இது விழுங்காமல் உள்ளே விட்டு ஒரே புள்ளியில் குவிக்கும். அதற்காகத்தான் இதைப் போடுகிறோம். தண்ணீரில் கரையாது, கையில் எடுத்தாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் மேலே அழுக்குப் படிந்தால் அந்த இடம் சூடாகும். சூடானால் இன்னும் அதிகச் சூட்டை இழுக்கும். கடைசியில் வெடித்து எரியும், அப்போது செலினியம் புகையாக வெளியே வரும். கடையைப் பூட்டியது அந்தப் புகைக்காகத்தான். படம் வரைந்தது மட்டும் கொஞ்சம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கலாம்.

அடுத்தது உங்கள் வாய். அக்காவிடம் சொன்னேன். "அவர் சொல்லச் சொன்னாரா?" என்றாள். ஆமாம் என்றேன். அத்தோடு என் சிபாரிசு செல்லாக்காசாகிவிட்டது.

ஆனால் எனக்கு இன்னொரு வீட்டின் மேல் சந்தேகமில்லை. செலினியம் உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், உடம்பு அதை ஒரு வாயுவாக மாற்றி மூச்சு வழியாக வெளியே தள்ளும். அந்த மூச்சு பூண்டு நாற்றம்தான் அடிக்கும். ஒரு பல் பூண்டுகூடச் சாப்பிட வேண்டியதில்லை. அதனால் கேட்கிறேன், மழுப்பாமல் எழுதுங்கள். நகத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா? வாயில் இரும்புச் சாவியை வைத்த மாதிரி ருசி வருகிறதா? முடி கொட்டுகிறதா, இருக்கிற முடியைத்தான் கேட்கிறேன். காரணமில்லாமல் அலுப்பு உண்டா? நான் போனபிறகு வேறு லென்ஸ் ஏதாவது வெடித்ததா?

இன்னொன்று. வெட்டு மேஜைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூன்று வருடத்தில் கெட்டுப்போன லென்ஸ் பதினாலையும் அதில் போட்டு வைத்திருந்தேன், ரசாயனக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுப்பதற்காக. அது என்ன ஆயிற்று?

இங்கே கண்ணாடித் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. சாப்பாடு சுமார். குடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனன்


மார்ச் 17, திங்கள்

விஞ்ஞானிக்கு,

பொண்டாட்டியிடம் சிபாரிசு செய்யச் சொன்னால் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறாய். சரி, பதில் சொல்கிறேன்.

நகத்தில் கோடு இருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் நகத்திலும் கோடு வரும், நெற்றியிலும் வரும். சாவியை நான் சாப்பிட்டதில்லை, அதனால் அதன் ருசி தெரியாது. காலையில் டீ மட்டும் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது. உன் அக்கா கோபத்தில் போடுகிற டீ அப்படித்தான் இருக்கும். முடியைப் பற்றிப் பேச உனக்கு அருகதை இல்லை, உன் அப்பா தலையை நான் பார்த்திருக்கிறேன். அலுப்பு உண்டு. நீ போனபிறகு இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்க்கிறேன், அலுக்காமல் என்ன செய்யும்? லென்ஸ் எதுவும் வெடிக்கவில்லை.

உன் டப்பாவை அப்போதே கழிவு வண்டியில் கொடுத்தாயிற்று. அந்தக் கவலை வேண்டாம்.

உன் அக்கா இப்போது நேரம் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். கடை வீட்டை ஒட்டித்தானே இருக்கிறது, மத்தியானம் சாப்பிட்டதும் நான் கடையின் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்பேன். அதற்கும் சந்தேகம். அந்த அறைக்கு ஒரு ஜன்னல்தான் உண்டு, அது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாயைப் பார்த்திருக்கிறது. அது வழியாக நான் எந்த வீட்டுக்குப் போக முடியும்? ஒரு மனுஷன் தன் கடையில் ஓர் அறையைச் சாத்திக்கொள்ள உரிமை இல்லையா? உள்ளே என்ன நடக்கிறது என்பது முடிந்ததும் எல்லாருக்கும் தெரியும். உனக்கு முதலில் தெரியும்.

அத்தான்


மார்ச் 24, திங்கள்

அத்தான்,

உங்கள் பதிலில் ஐந்துக்கு நாலு எனக்குப் பிடிக்கவில்லை. லென்ஸ் வெடிக்கவில்லை, டப்பாவும் போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் மெஷினில் இருக்கிற லென்ஸ்தான் மெல்ல எரிந்துகொண்டிருக்க வேண்டும், புகை போகிற குழாயில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். குழாயை மாற்றுங்கள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், நடுவில் பழுப்புப் புள்ளி இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்து, செலினியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணப் பரிசோதனையில் அது வராது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

பின் அறையில் என்ன நடக்கிறது என்று உங்களைக் கேட்டால் சொல்ல மாட்டீர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம், "ஒரு நாள் உள்ள போய்த்தான் பாரேன், என்ன பண்றாருன்னு" என்று சொன்னேன். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். சந்தேகத்தோடு வெளியே நிற்பதைவிட உள்ளே போய்ப் பார்ப்பது அவளுக்கு நல்லது.

மைத்துனன்


ஏப்ரல் 15, செவ்வாய்

மாப்பிள்ளை,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை, காரணம் கோபமில்லை. வேலை முடியட்டும் என்று இருந்தேன். இன்னும் மூன்றுதான் பாக்கி, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டப்பாவைப் பற்றி நான் சொன்னது பொய். நீ போய் மூன்று மாதம் கழித்து மேஜைக்கு அடியில் குடையைத் தேடும்போது அது கிடைத்தது. திறந்தால் பதினாலு மஞ்சக் கண்ணாடி. சிலதில் கீறல், சிலதில் நடுவில் கருப்பு. இதையா குப்பை என்று ஒதுக்கினான் என்று நினைத்தேன். என் அப்பா மூக்குக் கண்ணாடி தேய்த்துச் சாப்பிட்டவர். எந்தக் கண்ணாடியும் தேய்த்தால் திரும்பி வரும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் ஐந்து மாதமாக மத்தியானத்தில் உட்கார்ந்து தேய்க்கிறேன். முதலில் உப்புத்தாள், அடுத்து அதைவிட நைசான தாள், கடைசியில் ட்ரில்லில் துணி வட்டைப் போட்டு மெருகு. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் கீறல் தெரிவதில்லை, அதனால் காய்ந்தபடியேதான். பதினொன்று முடிந்தது. ஒன்றை மெஷினில் போட்டுப் பார்த்தேன். ஒரே ஓட்டத்தில் வெட்ட வேண்டியதை இரண்டு ஓட்டத்தில் வெட்டுகிறது, ஆனால் வெட்டுகிறது.

மிச்சம் பிடிக்கவா இதெல்லாம் என்று கேட்பாய். இல்லை. படித்தவன் ஆகாது என்று ஒதுக்கியதைப் பத்தாவதோடு நின்றவன் ஆக்கிக் காட்டிவிட்டான் என்று உன் வாயால் ஒரு தரம் கேட்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

இப்போது நல்ல சேதி. உன் அக்காவை ஒற்றனாக அனுப்பினாயே, அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் ட்ரில்லும் கையுமாக, மூக்குக்குக் கீழே மஞ்சள் தூள் மீசையோடு உட்கார்ந்திருக்கிறேன். அறை முழுக்கப் பார்த்தாள், ஜன்னலையும் பார்த்தாள். "இதுக்குத்தானா?" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். நான் தேய்க்கத் தேய்க்க அவள் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, "இதுல இன்னும் ஒரு கோடு இருக்கு" என்று திருப்பித் தருவாள். வேலை முடிந்ததும் அறையைப் பெருக்குவாள். ஃபேன் போட்டால் தூள் பறக்கும், ஜன்னல் திறந்தாலும் பறக்கும், அதனால் இரண்டும் கிடையாது. வேர்த்துக் கொட்டுகிறது, இருந்தும் எழுந்து போவதில்லை. கல்யாணமான புதிதில் பேசினது, அப்புறம் இப்போதுதான் இப்படிப் பேசுகிறோம். நீ கேட்டால் சொல்லக் கூடாது, பழைய ரேடியோ ரிப்பேர் என்று சொல்லிவிடு என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தெரிந்தால் நீ மறுபடியும் மண்டை ஓடு வரைவாய்.

பூண்டு விவகாரமும் தீர்ந்தது. இரண்டு வாரமாக நாற்றமே இல்லை என்கிறாள். "இப்ப வரவே இல்லீங்க" என்று அவளாகவே சொன்னாள். தலையணை திரும்பி வந்துவிட்டது. ஆகவே, விஞ்ஞானி, உன் செலினியப் பாடம் தப்பு. அந்தத் துண்டுச் சீட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய அவசியம் வரவில்லை.

அவளுக்குத்தான் கொஞ்சம் முடி கொட்டுகிறது. தொட்டித் தண்ணீர் சரியில்லை என்கிறாள். டீ துருவாக இருக்கிறது என்று இப்போது அவளும் ஒப்புக்கொள்கிறாள், அதற்கும் தண்ணீர்தான் காரணம்.

பாக்கி மூன்றில் கருப்பு கெட்டியாகப் பிடித்திருக்கிறது, தாளுக்கு மசியவில்லை. முலாம் பூசுகிற கடைக்காரர், பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டில் அரை மணி நேரம் போட்டால் கழன்று வந்துவிடும் என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. இரண்டு பேருமாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று இருக்கிறோம். பதினாலும் முடிந்ததும் ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். மேஜையில் வைத்துக்கொள்.

அத்தான்


ஏப்ரல் 20, ஞாயிறு, ரயிலில்

அத்தான்,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. உடனே கடைப் போனுக்குக் கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். பழக்கம். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். பின் அறையைப் பூட்டு, சாவியை நீ வைத்துக்கொள், ஆசிட் பாட்டிலை மொட்டைமாடிக்குக் கொண்டுபோ, காரணம் கேட்காதே, நான் வருகிறேன் என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை, சரி என்றாள். இத்தனை நேரத்துக்குள் நீங்கள் சாவிக்காக அவளோடு சண்டை போட்டிருப்பீர்கள்.

நேரில் பார்த்தால் நாம் பேச மாட்டோம், கத்துவோம். அதனால் இந்தத் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வாசலில் நிற்கிறேன். முழுதும் படித்துவிட்டுத் திறங்கள்.

ஒன்று, ஆசிட். ஜிங்க் செலினைடு தண்ணீரில் சும்மா கிடக்கும், ஆசிட்டில் கிடக்காது. துத்தநாகம் ஆசிட்டோடு போய்விடும், செலினியம் ஹைட்ரஜனோடு சேர்ந்து வாயுவாகக் கிளம்பும். ஹைட்ரஜன் செலினைடு. முதலில் அழுகின முள்ளங்கி நாற்றம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைப்பீர்கள். வாயு அங்கேயே இருக்கும். ஜன்னல் சாத்தின அறையில் அரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் பல தரம் படித்துவிட்டேன்.

இரண்டு, தூள். லென்ஸாக இருக்கும்வரை அது சாது. தேய்த்துப் பொடியாக்கி, ஃபேன் இல்லாமல் மூச்சில் இழுத்தால் நெஞ்சில் தங்கும், வயிற்றுக்கும் போகும். வயிற்றில் இருப்பதும் ஆசிட்தான். உங்கள் நகம், உங்கள் டீ, உங்கள் வாய், எல்லாம் அந்த டப்பாவிலிருந்து வந்தவை.

மூன்றாவதை எழுதக் கை வரவில்லை. நாற்றம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டீர்கள். அது நிற்கவில்லை அத்தான். ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேரும் பூண்டு சாப்பிட்டிருந்தால் ஒருவர் வாய் ஒருவருக்கு நாறாது. அக்காவுக்கு உங்கள் நாற்றம் தெரியாமல் போனதற்குக் காரணம், அவள் மூச்சிலும் இப்போது அதே நாற்றம் இருக்கிறது. முடி கொட்டுவது தண்ணீரால் இல்லை. நான் சொல்வதை நம்பாவிட்டால் எதிர்க்கடை சலூன்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேர் மூச்சையும் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அவளை அந்த அறைக்குள் போகச் சொன்னது நான். ரயில் ஏறியதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் நிற்கிறேன். கதவைத் திறங்கள்.


மே 12, திங்கள்

மாப்பிள்ளை,

நீ ஊருக்குப் போய் இரண்டு வாரமாகிறது. இங்கே இருந்த ஒரு வாரமும் அக்காவோடு பேசினாய், டாக்டரோடு பேசினாய், கழிவு எடுக்க வந்தவர்களோடு பேசினாய். நம் இருவருக்கும் நடுவில் "அந்தப் பக்கம் பிடிங்க", "இதக் கட்டணும்" தவிர ஒன்றும் இல்லை. நானும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன், எனக்கு இதுதான் வருகிறது.

அன்றைக்குக் கதவு திறக்க ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. உன் தாளைப் படித்துவிட்டு நேரே உன் அக்காவிடம் போனேன். ஊது என்றேன். ஊதினாள். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. மறுபடி ஊதச் சொன்னேன். பைத்தியமா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன். உன்னைத் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்ச் சலூன்காரரைக் கூட்டி வந்ததை நீயே பார்த்தாய். அந்த மனுஷன் என்னை முகர்ந்தார், அவளை முகர்ந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனை வந்தது. எனக்கு இருக்க வேண்டியதைப்போல் நாலு மடங்கு. அவளுக்கு இரண்டரை. இதற்கு மருந்து என்று ஒன்றும் கிடையாதாம். அதன் பக்கமே போகாமல் இருந்தால் உடம்பு தானே வெளியே தள்ளிவிடும், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். உள்ளே வேறு எதையும் கெடுத்திருக்கிறதா என்பது அடுத்த பரிசோதனையில் தெரியும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும். என் கட்டைவிரல் நகம் இரண்டும் விழுந்துவிட்டன. அது போகட்டும். அவள் சீப்பில் முடி வருகிறதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தாநாள் தலையில் துணி கட்டிக்கொண்டு மாவு பிசைந்தாள். திட்டு, வாய்க்கு வந்தபடி திட்டு என்றேன். "திட்டி என்ன ஆகப்போகுது, தள்ளுங்க" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ சொன்னபடி பின் அறையை ஈரத் துணியால் மூன்று தரம் துடைத்தாயிற்று. டப்பாவோடு உடுத்தின துணிகளையும் கழிவு வண்டிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். அறைக் கதவில் ஒரு மண்டை ஓடு ஒட்டியிருக்கிறேன். நானே மெஷினில் வெட்டினது, உன்னுடையதைவிட அழகாக இருக்கிறது.

அது கண்ணாடி இல்லை என்று மூன்று வருடம் சொன்னாய். கேட்டிருக்கலாம்.

அத்தான்


மே 19, திங்கள்

அத்தான்,

அக்கா என்னோடும் திட்டாமல்தான் பேசுகிறாள். அது அவள் தண்டனை முறை, சின்ன வயதிலேயே எனக்குப் பழக்கம்.

நீங்கள் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டீர்கள். நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போனேன் அல்லவா, பஸ் நிலையத்தில் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும்போதே அந்த டப்பா ஞாபகம் வந்தது. மேஜைக்கு அடியில், மூடி சரியாகக்கூட மூடாமல். திரும்பிப் போய் எடுத்திருக்கலாம், கால் மணி நேர நடை. ஒரு சீட்டாவது எழுதி அனுப்பியிருக்கலாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'இது என்னடா டப்பான்னு அவரே ஒரு நாள் கேக்கட்டும். அப்ப நான் இல்லாம ஆகாதுன்னு தெரியும்.' நீங்கள் கேட்பீர்கள் என்று ஏழு மாதம் காத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் மண்டை ஓடு ஒட்டத் தெரிந்தவன், ஒட்ட வேண்டிய டப்பாவில் ஒட்டாமல் வந்தேன். நீங்கள் என் வாயால் ஒரு வார்த்தை கேட்க ஆசைப்பட்டீர்கள், நான் உங்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்க ஆசைப்பட்டேன். நடுவில் இருந்தவள் அக்கா.

டாக்டருடைய தாளை இங்கே எங்கள் சோதனைக்கூடத்தின் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். இந்த அளவுக்கு முடி திரும்பி வரும், நகமும் வரும் என்றார். அவளுக்குக் குறைவு, அதனால் உங்களைவிட முதலில் அவளுக்குத்தான் சரியாகும் என்றார். நிச்சயமாகவா என்று கேட்டேன். நிச்சயம் என்று சொல்ல மாட்டார்களாம். நானும் இந்தத் தொழிலில் அப்படித்தான் பேசுவேன், ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

இரண்டாவது பரிசோதனை எப்போது? தேதி எழுதுங்கள்.

மைத்துனன்


ஜூன் 17, செவ்வாய்

மாப்பிள்ளை,

பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அது வந்தபிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்றைக்குக் காலையில் ஒன்று நடந்தது.

டீ கொண்டு வந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தன் டம்ளரில் ஒரு வாய் குடித்தாள். "இன்னைக்கு டீ நல்லா இருக்கு" என்றாள். எனக்கு அதே துருதான், இருந்தாலும் ஆமாம் என்று சொல்லத் தலையைத் திருப்பினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் இழுத்தாள்.

"என்ன?" என்றேன்.

"வாய் நாறுது. பூண்டு. தள்ளி உக்காருங்க."

பிப்ரவரியில் சொன்ன அதே வார்த்தை, அதே முகம். அப்போது அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு கோபம் வந்தது. இன்றைக்கு இன்னொரு தரம் சொல்லு என்றேன். சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். பிறகு போய்ச் சலூன்காரரைக் கூட்டி வந்தேன். பாதிச் சவரத்தில் ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டு வந்தார் பாவம். அவளை முகர்ந்துவிட்டு, "ஒண்ணுமில்ல, டீ வாசனைதான் வருது" என்றார். என்னை முகர்ந்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். சந்தோஷமாகப் போனார்.

தலையணையை நானே எடுத்துக் கூடத்தில் போட்டுவிட்டேன். எனக்கு இன்னும் எத்தனை நாளோ தெரியாது, ஆகட்டும். முன்நெற்றியில் அவளுக்குப் பொடி முடி வந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், பிரஷ் மாதிரி குத்துகிறது.

இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைப் போனிலிருந்து கூப்பிடுவேன். எடு. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நீ பேசு, நான் கேட்கிறேன்.

அத்தான்